கைமாறும் டிராக்டர்

தோட்டப் பயிர் செய்யும் நம் குடும்பங்களில் அண்மைக்காலமாக ஓர் ஆசை வேரூன்றி வருகிறது. வீட்டுக்கென ஒரு சிறிய டிராக்டர் வேண்டும் என்பதே அது. ஆசையில் குற்றமில்லை. உழவு மாடுகள் அருகிவிட்டன. களை எடுக்க ஆள் கிடைப்பது அரிது. பெரிய டிராக்டரோ கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைப் பந்தலுக்குள் நுழையாது. வாழை வரிசைகளுக்கிடையே திரும்பாது. ஆகவே 15 முதல் 25 குதிரைத்திறன் வரை உள்ள, மக்கள் 'மினி டிராக்டர்' என்றழைக்கும் சிறு வண்டிகளை நாடுகின்றனர். புதியது வாங்க இயலாதோர் பழையதைத் தேடிப் புறப்படுகின்றனர்.

அவ்வாறு புறப்படுவோர் மடியில் உள்ள பணம் யாருடையது? பெரும்பாலும் அது மனைவியின் வளையல். மகளின் திருமணத்திற்கென வைத்திருந்த சங்கிலி. அந்த நகை அடகுக் கடையிலிருந்து மீளுமா, மூழ்குமா என்பது வண்டி வாங்கும் அன்று காட்டும் பொறுமையைப் பெரிதும் பொறுத்திருக்கிறது. பருவம் தவறிவிடும் என்னும் அவசரமும், "நாளை வந்தால் வண்டி இராது" என்னும் தரகரின் பேச்சும் சேர்ந்து எத்தனையோ குடும்பங்களை வட்டியில் தள்ளியிருப்பதை நாம் பார்த்து வருகிறோம்.

முதலில், வாங்கத்தான் வேண்டுமா என்று எண்ணிப் பார்த்தல் நலம். 2 ஏக்கர் மட்டுமே உள்ளவருக்கு ஆண்டில் சில நாள்களே டிராக்டர் தேவைப்படும். தமிழக அரசின் வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டர்களை வாடகைக்கு விடுகிறது. அந்த வாடகையையும் கடனுக்குரிய வட்டியையும் ஒரு தாளில் எழுதி ஒப்பிட்டால் பலர் அங்கேயே நின்றுவிடுவர். வாங்கியே தீர வேண்டியவர், தம் தோட்டத்து வரிசையின் அகலத்தையும் பந்தலின் உயரத்தையும் நாடாவினால் அளந்து குறித்துக்கொண்டு செல்லட்டும். வண்டியின் அகலம் மட்டும் பார்த்தால் போதாது. பின்னால் மாட்டும் ரோட்டவேட்டரின் அகலமும், மேல்நோக்கி நிற்கும் புகைக்குழாயின் உயரமும் கணக்கில் சேரும்.

வண்டியைப் பார்க்க விடியற்காலையில் செல்க. முன்னறிவிப்பு மிகுதியாக வேண்டா. போனவுடன் எஞ்சின்மேல் கை வைத்துப் பாருங்கள். அது சூடாக இருந்தால், நீங்கள் வருமுன்னரே யாரோ ஓட்டிச் சூடாக்கியிருக்கிறார்கள் என்று பொருள். குளிர்ந்த நிலையில் கிளம்ப மறுக்கும் எஞ்சின், சூடானபின் சாதுவாக நடந்துகொள்ளும். அப்படியாயின், ஆறிய பிறகு வருகிறோம் என்று சொல்லித் திரும்பிவிடுவதே முறை.

குளிர்ந்திருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். சூடானபின் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். உள்ளே நீரின்மேல் எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா? ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினால், ஆயில் பால் கலந்த தேநீரின் நிறத்தில் இருக்கிறதா? இவ்விரண்டும் நீரும் ஆயிலும் ஒன்றோடொன்று கலப்பதற்கு அடையாளங்கள். ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். அதைவிடப் பெரிய விரிசலும் இருக்கலாம். டீசல் எஞ்சினின் ஆயில் கறுத்திருப்பது இயல்பே. அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

பின்னர் வண்டியைக் கிளப்பச் சொல்லுங்கள். புகையின் நிறம் பல செய்திகளைச் சொல்லும். குளிர்ந்த எஞ்சின் தொடக்கத்தில் சிறிது வெண்புகை விடுவதுண்டு. சூடேறியபின் அது மறைய வேண்டும். மறையாமல் தொடர்ந்தால் நீர் உள்ளே கசிகிறது, அல்லது டீசல் சரிவர எரியவில்லை. சுமை ஏறும்போது கணநேரம் தோன்றும் கரும்புகை பெரிய குற்றமன்று. ஓயாது கரும்புகை வந்தால் ஏர் ஃபில்டரையும், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரையும் பார்க்க வேண்டும். இவை சிறு செலவில் தீரக்கூடும். நீலப்புகைதான் நெஞ்சில் கை வைக்கச் செய்வது. ஆயில் எரிகிறது என்பதே அதன் பொருள். பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்த எஞ்சினைச் சீர்செய்வது வண்டி விலையில் ஒரு பங்கைத் தின்றுவிடும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கவனமாகத் திறந்து பாருங்கள். அங்கிருந்து புகை குபுகுபுவெனத் தள்ளிக்கொண்டு வந்தால் அதுவும் அதே நோயின் அடையாளமே.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மகிந்திரா யுவராஜ் 215 போன்ற ஒற்றைச் சிலிண்டர் வண்டிகள் இயல்பாகவே சற்று அதிரும். மூன்று சிலிண்டர் உள்ள வண்டியை ஓட்டிப் பழகியவர் இதைப் பழுதென எண்ணிவிடக் கூடாது.

எஞ்சின் அரைமணி நேரமாவது ஓடட்டும். ஓடினால் மட்டும் போதாது. மண்ணில் வேலை செய்ய வேண்டும். ரோட்டவேட்டரை மாட்டி நிலத்தில் இறக்கி ஓட்டச் சொல்லுங்கள். இதற்கு இணங்காத உரிமையாளரிடம் பேச்சை வளர்க்காமல் விடைபெறலாம். வேலையின் நடுவே கியர் தானாக நழுவுகிறதா, ஆயில் அழுத்தம் காட்டும் விளக்கு மினுக்குகிறதா என்று கவனிக்க. வேலை முடிந்தபின் ரோட்டவேட்டரை மேலே தூக்கி, எஞ்சினை நிறுத்திவிட்டுப் பாருங்கள். நெடுநேரத்தில் சிறிது இறங்குவது பொறுக்கத்தக்கது. கண்ணெதிரே தரையைத் தொட்டுவிட்டால் ஹைட்ராலிக் உள்ளே கசிகிறது.

கிளட்ச்சைச் சோதிக்க, எதிரே ஆளில்லாத திறந்த இடத்தில் பிரேக்கை அழுத்தி, உயர்ந்த கியரில் வைத்து, கிளட்ச்சை மெல்ல விடச் சொல்லுங்கள். நல்ல கிளட்ச் எஞ்சினை அணைத்துவிடும், தேய்ந்தது வழுக்கும். முன்சக்கரங்களை ஜாக்கியில் உயர்த்தி இருகையாலும் ஆட்டினால் புஷ்களின் தேய்மானம் கையில் தெரியும். சேற்றுழவு செய்த வண்டியாயின் சக்கர அச்சின் ஆயில் சீல்களையும் பிரேக்கையும் நன்கு கவனிக்க வேண்டும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில், முன் டயரும் பின் டயரும் தயாரித்த நிறுவனம் குறித்த அளவிலேயே இருக்கட்டும். அளவு மாறினால் முன்புறப் பற்சக்கரங்கள் வீணே தேயும். பின்னால் சுழலும் பி.டி.ஓ. தண்டுக்குக் காப்பு மூடி இல்லையெனில் முதல் செலவாக அதை வாங்குங்கள். வேட்டி நுனியோ சேலைத் தலைப்போ அதில் சிக்கினால் ஆளையே சுற்றி இழுத்துவிடும்.

புதுப் பெயின்ட் அடித்துப் பளபளக்கும் பழைய வண்டியை நாம் ஐயத்துடனேயே பார்ப்போம். தூசியும் எண்ணெய்ப் பிசுக்குமாக நிற்கும் வண்டி தன் கசிவை மறைப்பதில்லை. ஓடிய மணிநேரத்தைக் காட்டும் மீட்டரையும் அப்படியே நம்ப வேண்டா. அது மாற்றக்கூடிய பொருள். மீட்டர் குறைந்த எண்ணைக் காட்ட, மிதிகட்டையின் ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிந்தால் எதை நம்புவது? டிரெய்லர் மாட்டும் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால், 'தோட்டத்தில் மட்டுமே ஓடியது' என்னும் சொல் பொய்.

இனிக் காகிதங்கள். ஆர்.சி.யில் உள்ள பெயர் விற்பவருடையதுதானா? சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் பொறித்திருப்பவற்றோடு ஒத்துள்ளனவா? வங்கிக் கடன் குறிப்பு இருந்தால், கடன் தீர்ந்தது என வங்கி கையொப்பமிட்ட படிவம் 35 கைக்கு வராமல் முழுத்தொகையைக் கொடுக்க வேண்டா. அரசு மானியத்தில் வாங்கிய வண்டியாயின், விற்கத் தடையேதும் உண்டா என்று வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டறிக. படிவம் 29, 30 இரண்டிலும் கையொப்பம் பெறுங்கள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவுப்படி, மாநிலத்துக்குள் கைமாறும் வண்டியைப் பற்றி விற்றவர் 14 நாள்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாள்களுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். பெயர் மாற்றாத வண்டி விபத்துக்குள்ளானால், பதிவேட்டில் பெயருள்ளவரே உரிமையாளர் என 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே விற்பவருக்கும் இது அக்கறைக்குரியதே. "நம்ம ஆள்தானே, பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்பார்கள். உறவுக்குள் வாங்குவோர் இச்சொல்லுக்கே மிகுதியாக இணங்கிவிடுகின்றனர்.

நம் இல்லங்களில் இத்தகைய வாங்கல் விற்றலை ஆண்கள் மட்டுமே திண்ணையில் பேசி முடிப்பது வழக்கம். இது நமக்கு உடன்பாடன்று. வளையலைக் கழற்றித் தருபவரும் வண்டியைப் பார்க்க வரட்டும். காகிதங்களை அவரும் வாசிக்கட்டும். நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரையும் கூலி கொடுத்து உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர் தரகரிடம் பங்கு பெறாதவராக இருக்க வேண்டும்.

விலை படிந்து வண்டி வீடு வந்தபின், எஞ்சின் ஆயிலையும் ஃபில்டர்களையும் உடனே மாற்றிவிடுங்கள். முன்னவர் எப்போது மாற்றினார் என்பது அவருக்கே நினைவிராது. வடித்த ஆயிலை வெயிலில் வைத்துப் பாருங்கள். அதில் உலோகத் துகள் மின்னினால் மெக்கானிக்கை அன்றே அழைத்து வருக.