தொடரின் சிறந்த அணி

தொடரின் சிறந்த அணி என்பது, ஒரு பன்னாட்டு விளையாட்டுத் தொடர் முடிந்ததும் அதில் பங்கேற்ற எல்லா நாட்டு வீரர்களிலிருந்தும் தேர்ந்தெடுத்து அறிவிக்கப்படும் கற்பனை அணி ஆகும். இந்த அணி எந்த மைதானத்திலும் இறங்கி ஆடுவதில்லை. ஆனால் கோப்பை யாருக்குச் சென்றது என்பதோடு, யார் நன்றாக ஆடினார்கள் என்பதற்கும் ஒரு பதிவாக அது நிலைத்துவிடுகிறது. 2023-இல் இந்தியாவில் நடந்த ஆண்கள் கிரிக்கெட் உலகக்கோப்பையின் சிறந்த அணியைக் கொண்டு இத்தேர்வு முறையைப் புரிந்துகொள்ளலாம்.

ரக்பியும் கிரிக்கெட்டும்

ரக்பி யூனியன் ஆட்டத்தில் ஓர் அணிக்கு 15 பேர். அவர்களில் 8 பேர் முன்கள வீரர்கள், 7 பேர் பின்கள வீரர்கள். சட்டை எண்ணே வீரரின் இடத்தைச் சொல்லிவிடும். ஆகவே சிறந்த அணியைத் தேர்வு செய்பவர், 10-ஆம் எண்ணுக்கு உரிய இருவர் மிக நன்றாக ஆடியிருந்தாலும் ஒருவரையே எடுக்க முடியும்.

கிரிக்கெட்டில் இந்தக் கட்டுப்பாடு சற்றுத் தளர்வானது. ஆனாலும் தொடக்க மட்டையாளர்கள், நடுவரிசை, விக்கெட் கீப்பர், வேகப்பந்து வீச்சாளர்கள், சுழற்பந்து வீச்சாளர்கள் எனச் சமநிலை வேண்டும். அதிக ரன் எடுத்த 11 பேரை வரிசையாக எழுதினால் அது பட்டியலாகும், அணி ஆகாது.

2023 உலகக்கோப்பை அணி

இறுதி ஆட்டத்துக்கு மறுநாளான 2023 நவம்பர் 20 அன்று பன்னாட்டு கிரிக்கெட் கவுன்சில் இந்த அணியை அறிவித்தது. முன்னாள் வீரர்கள் இயன் பிஷப், ஷேன் வாட்சன் உள்ளிட்டோர் தேர்வுக் குழுவில் இருந்தனர். மட்டை வரிசைப்படி அந்த அணி:

1. குயின்டன் டி காக் (தென்னாப்பிரிக்கா, விக்கெட் கீப்பர்) – 594 ரன்
2. ரோகித் சர்மா (இந்தியா, தலைவர்) – 597 ரன்
3. விராட் கோலி (இந்தியா) – 765 ரன்
4. டேரில் மிட்செல் (நியூசிலாந்து) – 552 ரன்
5. கே. எல். ராகுல் (இந்தியா) – 452 ரன்
6. கிளென் மேக்ஸ்வெல் (ஆஸ்திரேலியா) – 400 ரன், 6 விக்கெட்
7. ரவீந்திர ஜடேஜா (இந்தியா) – 16 விக்கெட்
8. ஜஸ்பிரித் பும்ரா (இந்தியா) – 20 விக்கெட்
9. தில்ஷான் மதுஷங்க (இலங்கை) – 21 விக்கெட்
10. ஆடம் சாம்பா (ஆஸ்திரேலியா) – 23 விக்கெட்
11. முகமது ஷமி (இந்தியா) – 24 விக்கெட்

பன்னிரண்டாவது வீரராகத் தென்னாப்பிரிக்காவின் ஜெரால்டு கூட்சியே சேர்க்கப்பட்டார்.

விடுபட்டவர்கள்

கோப்பையை வென்றது ஆஸ்திரேலியா. ஆனால் இந்த அணியில் இந்தியர் 6 பேர், ஆஸ்திரேலியர் 2 பேர் மட்டுமே. இறுதி ஆட்டத்தில் 137 ரன் எடுத்து ஆட்டநாயகனான டிராவிஸ் ஹெட் இதில் இல்லை. கைக் காயத்தால் அவர் முதல் 5 ஆட்டங்களைத் தவறவிட்டார். மற்ற 6 ஆட்டங்களில் 329 ரன் எடுத்தார். அவர் ஆடும் தொடக்க இடத்திலோ ஏறக்குறைய 600 ரன் எடுத்த இருவர் இருந்தனர்.

நியூசிலாந்தின் ரச்சின் ரவீந்திரா 3 சதங்களுடன் 578 ரன் குவித்தார். அணியில் உள்ள மிட்செல், ராகுல், மேக்ஸ்வெல் மூவரையும்விட இது கூடுதல். ஆனால் அவர் ஆடியது மேல்வரிசையில். அங்கே இடம் நிரம்பிவிட்டது. ரக்பியில் 10-ஆம் எண்ணுக்கு நேரும் அதே நெருக்கடிதான் இது.

இதற்கு மாறாக, மதுஷங்கவின் இலங்கை அணி 9 ஆட்டங்களில் இரண்டில் மட்டுமே வென்றது. அணி தோற்றாலும் வீரரின் உழைப்பு கணக்கில் வரும் என்பதற்கு அவரது தேர்வு சான்று. அவர் இடக்கை வேகப்பந்து வீச்சாளர் என்பதால் பந்துவீச்சு வரிசைக்கு வேறுபாடும் கிடைத்தது.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

போட்டி அமைப்பும் தேர்வைப் பாதிக்கும். 2023 ரக்பி உலகக்கோப்பையில் பிரிவுச் சுற்றோடு வெளியேறிய அணிகளுக்கு 4 ஆட்டங்கள்தாம். இறுதிக்குச் சென்ற அணிகளுக்கு 7. கிரிக்கெட் உலகக்கோப்பையில் 10 அணிகளும் குறைந்தது 9 ஆட்டங்கள் ஆடின. எனவே சிறிய அணி வீரர்களுக்கும் திறமையைக் காட்ட வாய்ப்பு இருந்தது.

மொத்த எண்ணிக்கை மட்டும் போதாது. ஷமி 7 ஆட்டங்களில் மட்டுமே ஆடி, தொடரிலேயே அதிக விக்கெட் எடுத்தார். மேக்ஸ்வெல்லின் 400 ரன்னில் 307 ரன் இரண்டு ஆட்டங்களில் வந்தவை: நெதர்லாந்துக்கு எதிராக 106, ஆப்கானிஸ்தானுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 201. ஆப்கானிஸ்தானுடன் ஆஸ்திரேலியா 7 விக்கெட்டுக்கு 91 எனத் தத்தளித்தபோது எழுந்த ஆட்டம் அது. சீராக ஆடுபவரா, தனி ஒருவராக ஆட்டத்தை மீட்பவரா என்ற கேள்விக்குத் தேர்வுக் குழு விடை காண வேண்டியிருக்கிறது.

சூழ்நிலையின் எடைக்குச் சென்னை நல்ல எடுத்துக்காட்டு. அக்டோபர் 8 அன்று சேப்பாக்கத்தில் 200 ரன் இலக்கைத் துரத்திய இந்தியா, 2 ரன்னுக்கு 3 விக்கெட்டை இழந்தது. கோலி 85, ராகுல் ஆட்டமிழக்காமல் 97 எடுத்து வெற்றி தேடித் தந்தனர். சதப் பட்டியலில் இந்த 97 வராது. ஆயினும் எளிதான ஆடுகளத்தில் அடித்த சதம் பலவற்றைவிட இதன் மதிப்பு அதிகம். அதே ஆட்டத்தில் உள்ளூர் வீரர் ஆர். அஷ்வின் 10 ஓவரில் 34 ரன் மட்டும் கொடுத்து 1 விக்கெட் எடுத்தார். அத்தொடரில் அவர் ஆடியது அந்த ஓர் ஆட்டம்தான். ஒரே ஆட்டத்தைக் கொண்டு ஒருவரைத் தொடரின் சிறந்த அணியில் சேர்க்க இயலாது.

தேர்வு செய்யும் முறை

பள்ளி, கல்லூரித் தொடர்களுக்கும் இம்முறை பொருந்தும். முதலில் இடங்களை எழுதிக்கொள்ள வேண்டும். பெயர்கள் பிறகு வரட்டும். ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு, மூன்று பேரைக் குறித்து, அவர்கள் யாரை எதிர்த்து, எந்த நிலையில் ஆடினார்கள் என்று ஒப்பிட வேண்டும். குறைந்தபட்ச ஆட்ட எண்ணிக்கையை முன்பே முடிவு செய்துவிட வேண்டும். பெயர்களைப் பார்த்தபின் முடிவு செய்தால் அது வேண்டியவருக்குச் சாதகமாக வளைந்துவிடும். இறுதி ஆட்டம் நினைவில் பசுமையாக இருப்பதால், தொடக்க ஆட்டங்களின் குறிப்புகளையும் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. தோற்று வெளியேறிய அணிகளின் பெயர்ப் பட்டியலைக் கடைசியாக ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். கவனிக்கப்படாமல் போகும் நல்ல வீரர் பெரும்பாலும் அங்கேதான் இருப்பார்.