ஒரு மகளிர் குழுவின் ஓராண்டு: ஆசிரியர் அறிய வேண்டிய கணக்கு

நம் பள்ளிகளில் படிக்கும் குழந்தைகளின் அம்மாக்களில் பெரும்பாலோர் ஏதேனும் ஒரு மகளிர் சுய உதவிக் குழுவில் இருக்கிறார்கள். காலையில் நம் பள்ளிச் சமையற்கூடத்தில் கிச்சடி கிளறுபவரும் குழு உறுப்பினர்தான். பெற்றோர் கூட்டத்துக்கு அழைத்தால், "இன்னிக்குக் குழுக் கூட்டமுங்க டீச்சர், நாளைக்கு வர்றனுங்க" என்ற பதில் நமக்குப் பழக்கமானது. ஆனால் அந்தக் குழுவுக்குள் என்ன நடக்கிறது, அது நம் மாணவரின் வருகைப் பதிவேட்டை எப்படித் தொடுகிறது என்பது பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

இராசிபுரம் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் பணியாற்றுகிறேன். எங்கள் பள்ளி வளாக வேப்பமரத்தடியில் மாதம் ஒரு சனிக்கிழமை 15 பேர் கொண்ட ஒரு குழு கூடும். உறுப்பினர்களின் சம்மதத்தோடு ஜூன் முதல் மே வரை அந்தக் கூட்டங்களில் ஓரமாக உட்கார்ந்து கவனித்தேன். அதில் விளங்கிக்கொண்டவற்றை இங்கே பகிர்கிறேன்.

எங்கே தொடங்கியது?

தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983இல் உருவானது. பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989இல் அன்றைய தருமபுரி மாவட்டத்தில் முதல் குழுக்கள் அமைக்கப்பட்டன. அடுத்த சில ஆண்டுகளில் திட்டம் சேலத்துக்கும் வந்தது. நாமக்கல் அப்போது சேலம் மாவட்டத்தின் பகுதி. தனி மாவட்டமானது 1997 ஜனவரியில்தான். 1997-98இல் தொடங்கிய 'மகளிர் திட்டம்' வழியே குழுக்கள் படிப்படியாக மாநிலம் முழுவதும் பரவின. இதற்கிடையே 1992இல் நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. நிலப் பத்திரமோ நகையோ இல்லாத பெண்களுக்கு வங்கியின் கதவு திறந்தது அதன் பிறகுதான். அண்டை நாடான வங்கதேசத்தில் முகமது யூனுஸ் தொடங்கிய கிராமீன் வங்கியின் அனுபவமும் இதே காலத்தில் பேசப்பட்டது. ஆனால் நம் குழுக்களின் அடிப்படை வேறு. முதலில் சொந்தச் சேமிப்பு, அதைச் சுழற்றிக் கடன், பிறகுதான் வங்கி.

மாதக் கூட்டம்

குழுவில் 12 முதல் 20 பேர் வரை இருப்பது வழக்கம். ஓர் ஊக்குநர், இரண்டு பிரதிநிதிகள். எங்கள் குழுவில் ஒவ்வொருவரும் மாதம் 200 ரூபாய் சேமிக்கிறார்கள். 15 பேருக்கு மாதம் 3,000, ஆண்டுக்கு 36,000. இந்தப் பணம் வங்கியில் தூங்குவதில்லை. யாருக்கு என்ன தேவை என்று கூட்டத்தில் கேட்டு உள்கடனாகக் கொடுக்கிறார்கள். வட்டி நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய். வரும் வட்டியும் குழுவுக்கே.

வருகைப் பதிவு, தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு, ஒவ்வொருவருக்கும் தனிப் பாஸ்புத்தகம் என எல்லாம் கையால் எழுதப்படுகின்றன. தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, உள்கடன், உரிய காலத்தில் திரும்பச் செலுத்துதல், முறையான கணக்கு ஆகிய ஐந்தையும் 'பஞ்ச சூத்திரம்' என்கிறார்கள். ஆறு மாதம் இவற்றைக் கடைப்பிடித்த குழுவைத்தான் தரமதிப்பீடு செய்து வங்கி கடன் தருகிறது. குழுக் கடனில் 10 இலட்சம் ரூபாய் வரை பிணையம் கேட்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆகவே அந்தப் பேரேடுகள்தாம் இவர்களின் சொத்துப் பத்திரம்.

பன்னிரண்டு மாதங்கள்

ஜூனில் கேட்கப்பட்ட கடன்கள் பெரும்பாலும் பிள்ளைகளுக்காக. உயர்கல்விக்குப் போகும் மகளின் விடுதிக் கட்டணம், ஐடிஐ சேரும் மகனின் செலவு என்று வந்தன. ஆடியில் வேளாண்மைக்கு முன்னுரிமை. மானாவாரி நிலம் வைத்திருப்போருக்கு நிலக்கடலை விதைக்கும் உழவுக்கும் பணம் வேண்டும். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பதால் அந்த மாதக் கூட்டத்தில் யாரும் யாரையும் காத்திருக்கச் சொல்லவில்லை.

ஐப்பசியில் தீபாவளி. துணி, பலகாரம், மகள் வீட்டுச் சீர் என்று கேட்போர் அதிகம், கையிருப்போ குறைவு. குலுக்கல் வேண்டாம், நோய்க்கும் படிப்புக்கும் முதலில் என்று தீர்மானம் போட்டார்கள்.

மார்கழி, தை மாதங்களில் குச்சிக்கிழங்கு அறுவடை. சேகோ ஆலைகளில் வேலை கிடைப்பதால் தவணைகள் சரியாக வந்தன. ஆனால் கூட்டத்துக்கு ஆள் வருவது குறைந்தது. ஜனவரி 26 கிராம சபைக்கு இவர்கள் சேர்ந்தே போனார்கள். பள்ளிக்கு முன்னால் தேங்கும் சாக்கடை பற்றிப் பேசியவர் இதுவரை மேடை முன் வாய் திறக்காதவர். பங்குனியில் மாரியம்மன் நோன்பு, அதோடு ஆண்டுக் கணக்கு முடிப்பு. மே மாதக் கூட்டத்தில் பொறுப்பாளர்களை மாற்றினார்கள். கைநாட்டு வைத்துக்கொண்டிருந்த இருவரில் ஒருவர் அன்று முதன்முறையாகக் கையெழுத்துப் போட்டார்.

செவ்வாய்க்கிழமை வராத பிள்ளை

எங்கள் நான்காம் வகுப்பில் ஒரு சிறுமி. ஜூலை முதல் பெரும்பாலான செவ்வாய்க்கிழமைகளில் வரவில்லை. உடல்நலக் குறைவு என்றே தகவல் வந்தது. ஆவணிக் கூட்டத்தில்தான் காரணம் வெளிப்பட்டது. அவள் அம்மா மூன்று இடங்களில் வாரக் கடன் வாங்கியிருந்தார். செவ்வாய் வசூல் நாள். அன்று காலையில் கைமாற்றுக்காக அவர் வீடு வீடாகப் போக, தம்பியைப் பார்த்துக்கொள்ள இந்தப் பிள்ளை வீட்டில் இருந்தாள்.

இங்கே ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். தனியார் நிதி நிறுவனங்களும் பெண்களைக் கூட்டாக உட்காரவைத்துத்தான் கடன் தருகின்றன. மக்கள் அதையும் 'குழு லோன்' என்றே சொல்கிறார்கள். ஆனால் அங்கே சேமிப்பு இல்லை, உள்கடன் இல்லை, வட்டியை முடிவு செய்வது உறுப்பினர் இல்லை. ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர் கட்ட வேண்டும் என்ற நெருக்கடி மட்டும் உண்டு. ஊரில் தனியாள் தரும் வார வட்டி இன்னொரு வகை. அளவுக்கு மீறிய வட்டியைத் தடுக்க 2003இல் தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்திருந்தாலும் அவசரத்துக்குப் பணம் தேடுபவர் சட்டத்தை நினைப்பதில்லை.

கணக்கைப் பாருங்கள். குழுவில் 10,000 ரூபாய் வாங்கி மாதம் 1,000 வீதம் பத்து மாதத்தில் அடைத்தால், குறையும் அசலுக்கு 100, 90, 80 என்று இறங்கி மொத்த வட்டி 550 ரூபாய். வாரக் கடனில் 10,000 என்று எழுதி 9,000 கையில் கொடுத்து, வாரம் 1,000 வீதம் பத்து வாரம் வாங்கினால் வட்டி 1,000 ரூபாய். அதுவும் இரண்டரை மாதத்துக்குள். மூன்று வட்டிக்கு 10,000 வாங்கியவர் பத்து மாதத்தில் 3,000 கட்டியிருப்பார். அசல் அப்படியே நிற்கும்.

அந்த அம்மாவுக்கு உதவுவது பற்றிப் புரட்டாசிக் கூட்டத்தில் பேச்சு நீண்டது. "அவங்க கட்டலீன்னா நம்ம குழுப் பேரு கெட்டுப்போயிரும். நாளைக்கு பேங்க்ல நமக்கு யாரு குடுப்பா?" என்று ஒருவர் கேட்டது நியாயமான கேள்வி. "புள்ள படிப்பு போனா அது திரும்பி வருமாக்கா?" என்று இன்னொருவர் கேட்டார். கடைசியில் 10,000 கொடுப்பது, புதிய வாரக் கடன் வாங்கக்கூடாது, பிரதிநிதி ஒருவர் உடன் சென்று பழைய கடனை நேரில் அடைத்து ரசீது வாங்குவது என்று தீர்மானம் எழுதி 15 பேரும் ஒப்புதல் வைத்தார்கள். ஆண்டு முடிவுக்குள் மூன்றில் இரண்டு கடன்கள் அடைந்தன. ஒன்று இன்னும் ஓடுகிறது. சிறுமி கார்த்திகைக்குப் பிறகு இரண்டே செவ்வாய்க்கிழமைகள் மட்டும் விடுப்பு.

காலை உணவும் குழுவும்

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி முதலில் 1,545 பள்ளிகளில் நடந்தது. 2023 ஆகஸ்டு 25 முதல் மாநிலமெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. ஊர்ப்புறங்களில் சமைப்பவர்கள் குழு உறுப்பினர்கள். எங்கள் குழுவிலிருந்து ஒருவர் தேர்வானார். அவருடைய பிள்ளையும் இங்கேதான் உண்கிறது. உப்பு குறைந்தால் வீட்டிலேயே புகார் வந்துவிடும் என்று சிரிப்பார். அவருக்குக் கிடைக்கும் மாத வருமானம் பெரிதில்லை. ஆனால் தவணை தவறாத உறுப்பினர் பட்டியலில் அவர் பெயர் முதலில் இருக்கிறது.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, வருகைப் பதிவேட்டைக் கிழமைவாரியாகப் பாருங்கள். ஒரே கிழமையில் திரும்பத் திரும்ப வராத பிள்ளையின் வீட்டில் வசூல் நாள் இருக்கலாம். சந்தை நாளாகவும் இருக்கலாம். பிள்ளையை வகுப்பில் எல்லோர் முன்னும் கேட்காமல் அம்மாவிடம் தனியாகப் பேசுங்கள்.

இரண்டாவது, கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோரும் பாதிப் பேர் பெண்களும் இருக்க வேண்டும். தீர்மானம் எழுதவும் கணக்குக் கேட்கவும் பழகிய குழு உறுப்பினர்கள் அங்கே வந்தால் கூட்டம் உயிர் பெறும்.

மூன்றாவது, ஐந்தாம் வகுப்புக் கணக்குப் பாடத்தில் பெயர் எதுவும் இல்லாத ஒரு மாதிரிக் கடன் பேரேட்டைக் கொடுங்கள். மேலே சொன்ன 550 ரூபாய் எப்படி வந்தது என்று பிள்ளைகளே கூட்டிக் கண்டுபிடிக்கட்டும். எங்கள் வகுப்பில் இதைச் செய்த மறுநாள் ஒரு மாணவன் வீட்டுப் பாஸ்புத்தகத்தைப் படித்துக் காட்டி, அதில் விடுபட்ட ஒரு மாதத் தவணையை அம்மாவுக்குச் சுட்டியிருக்கிறான். அடுத்த கூட்டத்தில் ஊக்குநர் அதைச் சரிபார்த்துப் பதிந்துகொண்டார்.

நான்காவது, குழுக் கூட்டத்துக்குப் பள்ளி வளாகத்தில் நிழலும் குடிநீரும் கிடைக்கச் செய்யுங்கள். கூட்டம் முடிந்ததும் பத்து நிமிடம் நமக்குத் தருவார்கள். தனியாகப் பெற்றோர் கூட்டம் கூட்டினால் வராத அம்மாக்கள் அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருப்பார்கள்.