கதிரை அளந்து தருபவர்

திருவண்ணாமலையிலிருந்து புற்றுநோய்ச் சிகிச்சைக்காக வேலூர் சி.எம்.சி.க்கோ, காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டைக்கோ, சென்னை அடையாற்றுக்கோ பஸ் ஏறிச் செல்லும் நோயாளி, அங்குள்ள டாக்டரையும் நர்ஸையும் அறிந்துகொள்கிறாரேயன்றி, தம் சரீரத்தில் பாயும் கதிரின் அளவுக்குப் பொறுப்பேற்று நிற்கும் மருத்துவ இயற்பியலாளரைப் பெரும்பாலும் சந்திப்பதில்லை. ஆயினும் டாக்டர் எழுதித்தரும் அளவு, எழுதியபடியே நோயுற்ற இடத்தைச் சேர்வதற்கு ஆதாரமாக இருப்பது அந்த இயற்பியலாளரின் கணிதமே.

முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் பெருமுயற்சியால் 1954-ல் அடையாற்றில் தோன்றிய புற்றுநோய் நிலையத்துக்கு, அந்தப் பத்தாண்டிலேயே கோபால்ட்-60 இயந்திரம் வந்து சேர்ந்தது. இதில் கதிரை வீசும் கோபால்ட்டின் வீரியம் சுமார் ஐந்தேகால் வருஷத்தில் பாதியாகிவிடும். அதாவது மாதந்தோறும் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு குறைந்துகொண்டே வரும். ஆகவே அதே அளவு கதிரைச் செலுத்த, இந்த மாதத்தைவிட அடுத்த மாதம் சற்றே அதிக நேரம் வேண்டும். அந்த நேரத்தைக் கணக்கிட்டுத் தருவது இயற்பியலாளரின் கடமை.

மனித உடலின் பெரும்பகுதி நீரேயாதலால், அவர் முதலில் நீர் நிறைந்த தொட்டியொன்றை இயந்திரத்தின் கீழ் வைத்து, ஒரு கன சென்டிமீட்டருக்கும் குறைந்த காற்றை அடக்கிய அயனிக்கலம் என்னும் சிறு அளவுகருவியைப் பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் இறக்கிக் கதிரை அளக்கிறார். வெப்பம் ஏறினால் கலத்திலுள்ள காற்று லேசாகி, கதிர் மாறாதபோதும் அளவு குறைத்துக் காட்டுமாகையால், வெப்பமானியையும் காற்றழுத்தமானியையும் பார்த்து அதைத் திருத்திக்கொள்கிறார். தூரமும் அவருக்கு அற்ப விஷயமன்று. மலையுச்சியில் ஏற்றும் தீபத்தின் ஒளி, தூரம் இரட்டித்தால் நாலில் ஒன்றாகக் குறைவதுபோல, கதிரின் செறிவும் தூரத்தின் வர்க்கத்துக்கேற்பக் குறைகிறது. கதிர் புறப்படும் இடத்திலிருந்து எண்பது சென்டிமீட்டரில் படுக்கவேண்டிய நோயாளி ஒரு சென்டிமீட்டர் தள்ளிப் படுத்தாலே நூற்றில் இரண்டரைப் பங்கு குறைந்துபோகும்.

டாக்டர் இருபத்தைந்து நாளில் 50 கிரே (உடல் ஏற்கும் கதிரின் அலகு) என்று விதித்தால், சி.டி. படங்களைக் கணினியில் விரித்து, அருகேயுள்ள தண்டுவடம் தாங்கக்கூடிய வரம்பை மீறாதபடி பல திசைகளிலிருந்து கதிரை வகுப்பதும், கதிர் கசியாதவாறு சுவரின் கனத்தை நிர்ணயிப்பதும், ஊழியர் மார்பில் அணியும் பட்டையில் பதிவாகும் கதிரளவு வருஷத்துக்குச் சராசரி 20 மில்லிசீவர்ட்டைத் தாண்டாமல் கண்காணிப்பதும் இவர் பணியே.

பௌதிக சாஸ்திரத்தில் பட்டம் பெற்றும் வழி தெரியாமல் நிற்கும் நம் ஜில்லாவின் வாலிபர்களுக்கு, மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் டிப்ளமோவும், அண்ணா பல்கலைக்கழகத்தின் மருத்துவ இயற்பியல் முதுகலைப் படிப்பும் இத்துறைக்கு வாசல்கள். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை அணுவளவும் பிசகாமல் அளந்து உயிர் காக்கும் இவ்வித்தையைவிடப் பௌதிகத்துக்குச் சிறந்த பிரயோஜனம் வேறென்ன இருக்க முடியும்?