6,746,328,388,800: பயப்படாமல் பிரித்துப் பார்ப்போம்

மாணவர்களே, தலைப்பிலுள்ள எண்ணை முதலில் வாய்விட்டுப் படியுங்கள். நம் நாட்டு வழக்கில் ஆறு டிரில்லியன், எழுநூற்று நாற்பத்தாறு பில்லியன் என்று தொடங்குவோம். கோடிக் கணக்கில் சொன்னால்: ஆறு இலட்சத்து எழுபத்து நான்காயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று இலட்சத்து எண்பத்தெட்டாயிரத்து எண்ணூறு. இரண்டு முறையும் தெரிந்திருப்பது நல்லது. தமிழ்நாட்டு நூல்களில் கோடிதான் வரும்.

கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுஜன், 1915-இல் இலண்டன் கணிதக் கழக இதழில் உயர் பகு எண்கள் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அதிலுள்ள பட்டியலின் கடைசி எண் இதுதான்.

உயர் பகு எண் என்றால் என்ன? பிரிக்பீல்ட்ஸ் இனிப்புக் கடையில் 60 லட்டு வாங்குங்கள். 2, 3, 4, 5, 6 பேர் என்று எத்தனை பேர் வந்தாலும் மீதமில்லாமல் பங்கிடலாம். 59 வாங்கினால் முடியாது, அது பகா எண். 60-க்கு 12 காரணிகள். அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை காரணிகள் இல்லை. அதனால்தான் 60 உயர் பகு எண்.

காரணிகளை ஒவ்வொன்றாக எண்ண வேண்டாம். படிவம் 1-இல் படித்த பகாக் காரணி போதும். 60 = 2² × 3 × 5. ஒவ்வோர் அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்குங்கள்: 3 × 2 × 2 = 12. அவ்வளவுதான்!

நம் பெரிய எண்ணுக்கும் இதே வழிதான்:

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23

7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2 = 10,080 காரணிகள்!

அடுக்குகளைக் கவனித்தீர்களா? இடமிருந்து வலமாக எங்கும் கூடவில்லை. ஏன்? 60-இன் அடுக்குகளை மாற்றி 2 × 3² × 5 என்று வைத்தால் 90. அதற்கும் 12 காரணிகள்தான், ஆனால் எண் பெரிதாகிவிட்டது. பெரிய அடுக்கைச் சிறிய பகா எண்ணுக்குக் கொடுப்பதுதான் சிக்கனம்.

கடைசியில் ஏன் இரண்டே சுழியம்? ஒவ்வொரு 10-க்கும் ஒரு 2, ஒரு 5 வேண்டும். 2 ஆறு இருக்கு, 5 இரண்டுதான் இருக்கு.

இப்போது 23-ஐ மட்டும் எடுத்துவிடுங்கள். கிடைப்பது 293,318,625,600. இதற்கு 5,040 காரணிகள், இதுவும் உயர் பகு எண்ணே. ஆனால் இராமானுஜன் பட்டியலில் இது விடுபட்டுவிட்டது! மேதையின் பட்டியலிலேயே ஒன்று தப்பியிருக்கிறது. அவர் பெருமை இதனால் குறையாது. பெயரைப் பார்த்து நம்பாமல் கணக்கைப் பார்த்து நம்ப வேண்டும், அதுதான் பாடம்.

ஆசிரியர்களே, வாட்ஸ்அப்பில் 'அதிசய எண்' என்று செய்தி வந்தால் வகுப்புக்குக் கொண்டு போங்கள். பகாக் காரணிகளாகப் பிரித்துச் சரிபார்க்கட்டும்.

பயிற்சி: 2,520-க்கு எத்தனை காரணிகள்? (விடை: 48)