வெட்டியது யார், மூடுவது யார்?

அக்டோபர் 31 நெருங்குகிறது. அதற்குள் இரண்டாம் அரையாண்டுச் சொத்து வரியைக் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை ஊக்கத்தொகை என்று ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லிக்கொண்டு போகிறார்கள். எங்கள் தெருமுனைப் பள்ளத்தில் ஆட்டோ இறங்கி ஏறும்போது அறிவிப்பு ஒரு நொடி நின்று, பிறகு தொடர்கிறது.

வாசகர் கடிதங்களும் அந்தப் பள்ளத்திலேயே வந்து நிற்கின்றன. வரியைத் தவறாமல் கட்டுகிறேன், தெருவை ஏன் சரிசெய்யவில்லை என்கிறது ஒரு கடிதம். போன வருடம் போட்ட ரோடு அதற்குள் பெயர்ந்துவிட்டது, யாரைக் கேட்பது என்கிறது இன்னொன்று. குடிநீர் இணைப்புக்குத் தோண்டப் பணம் கட்டினேன், குழியை மூட ஆள் வரவில்லையே என்பவர்கள்தான் அதிகம். மூன்றாவது கேள்வியை ஒழுங்காகப் பிரித்துப் பார்த்தால் முதல் இரண்டுக்கும் விடை கிடைத்துவிடும்.

சொத்து வரியில்தான் சாலை போடுகிறார்களா?

சிறிய நகரங்களில் பெரும்பாலும் இல்லை. சொத்து வரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை என்று வருகிற சொந்த வருமானம் சம்பளம், துப்புரவு, தெருவிளக்கு, மோட்டார் மின்கட்டணம் என்று கரைந்துவிடும். புதிதாகத் தார் போடும் பணம் மேலிருந்து, மாநில நிதிக் குழு மானியம், நகர்ப்புறச் சாலைகள் மேம்பாட்டுத் திட்டம் என்று ஏதாவது ஒரு பெயரில் வருகிறது.

அதாவது, சாலை போட அரசுப் பணம். போட்டதைக் காப்பாற்றச் சொந்தப் பணம். பள்ளம் கையகலம் இருக்கும்போதே அடைத்தால் நகராட்சிக்குச் செலவு. தெரு முழுக்கப் பாழான பிறகு திட்ட மதிப்பீட்டில் சேர்த்தால் அரசுக்குச் செலவு. இதில் யாரும் கெட்டவராக இருக்க வேண்டியதே இல்லை. கணக்கே அந்தப் பக்கம் தள்ளுகிறது. பள்ளம் அடைத்ததற்கு யாரும் கல்வெட்டு வைப்பதும் இல்லை.

வெட்டுவதற்குக் கட்டும் பணம் எதற்கு?

வீட்டுக்குக் குடிநீர், பாதாளச் சாக்கடை இணைப்பு வேண்டுமென்றால் மண் சாலையா, தார்ச் சாலையா, சிமென்ட் சாலையா என்று பார்த்து, வெட்டும் நீள அகலத்துக்கு ஏற்பக் கட்டணம் வாங்குவார்கள். மக்கள் மொழியில் ரோடு கட்டிங். அலுவலக மொழியில் சாலை மறுசீரமைப்புக் கட்டணம். பெயரைக் கேட்டால் பணம் கட்டிய கையோடு குழி மூடப்படும் என்றுதான் தோன்றும். என்னிடம் இருக்கும் ரசீதில் தொகை இருக்கிறது, அளவு இருக்கிறது, முத்திரை இருக்கிறது. எந்தத் தேதிக்குள் மூடுவார்கள் என்பது மட்டும் இல்லை.

காரணம் எளிது. தார்க் கலவை ஆலையிலிருந்து ஏறத்தாழ 150 டிகிரி செல்சியஸ் சூட்டில் கிளம்புகிறது. சூடு ஆறுவதற்குள் பரப்பி உருட்டியாக வேண்டும். ஒரு வீட்டுக் குழிக்காக ஒரு லாரி வராது. ஆகவே பல குழிகள் சேரும்வரை காத்திருந்து, ‘பேட்ச் ஒர்க்’ என்று ஒரே டெண்டராக விடுவார்கள். சேர்வதற்குள் மழை வந்துவிடும். ஈரமான ஜல்லியில் தார் பிடிக்காது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் கிட்டத்தட்டப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. இதனால்தான் மழைக்கு முன்பே சாலை வெட்டத் தடை போடுகிறார்கள். விதி நியாயமானது. ஆனால் தடை வரப்போகிறது என்றதும் ஆளாளுக்கு அவசரமாக வெட்டுகிறார்கள். மூடாத குழிகளோடு தெரு மழைக்குள் நுழைகிறது.

எங்கள் தெருவில் ஆடி மாதம் ஒரு வெட்டு விழுந்தது. இரண்டடி அகலம், பத்தடி நீளம். குழாய் பதித்தவர் தோண்டிய மண்ணையே திரும்பத் தள்ளி, மண்வெட்டியின் முதுகால் தட்டி, இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனார். அரையடிக்கு ஒருமுறை திமிசுக் கட்டையால் இடித்து இடித்து நிரப்பியிருக்க வேண்டிய மண் அது. முதல் மழையில் நான்கு விரற்கடை இறங்கியது. இருபுறமும் தாரின் விளிம்பு அடியில் பிடிமானமில்லாமல் தொங்கியது. தண்ணீர் லாரியின் பின்சக்கரம் ஏறியதும் ஒரு பக்கம் உடைந்து விழுந்தது. புரட்டாசி பிறப்பதற்குள் இரண்டடி வெட்டு ஐந்தடிப் பள்ளம். யாரோ நல்ல மனதோடு வீடு இடித்த செங்கலைக் கொண்டுவந்து கொட்டினார். அதன் வழியாக இன்னும் வசதியாகத் தண்ணீர் தாருக்கு அடியில் இறங்கியது.

முறையாக அடைப்பதென்றால் சிதைந்த ஓரத்தைச் சதுரமாக வெட்டியெடுத்து, தூசியைத் தட்டி, தார்க்குழம்பு தெளித்து, கலவையைப் போட்டு இடிக்க வேண்டும். இதில் ரகசியத் தொழில்நுட்பம் ஏதுமில்லை.

புது ரோட்டுக்கு ‘உத்தரவாதம்’ உண்டாமே?

உண்டு, காகிதத்தில். குறைபாட்டுப் பொறுப்புக் காலம் என்று அதற்குப் பெயர், பொறியாளர்கள் டி.எல்.பி. என்பார்கள். ஒப்பந்தத்தில் குறித்த சில ஆண்டுகளுக்குள் சாலை பழுதானால், போட்டவரே தன் செலவில் சரிசெய்ய வேண்டும். அதற்கு ஈடாக அவர் பணத்தில் ஒரு பகுதியைப் பிடித்து வைப்பார்கள். இது அதிகாரிகள் தரும் விளக்கம். தெருவில் நின்று பார்த்தால் விளக்கம் வேறு: யாராவது வெட்டும்வரை ஒப்பந்ததாரர் பொறுப்பு.

இந்த ஏற்பாட்டின் கெட்டிக்காரத்தனம் இங்கேதான் இருக்கிறது. வெட்டு விழுந்த பிறகு பத்தடி தள்ளி ரோடு பெயர்ந்தாலும், வெட்டியதால் தண்ணீர் இறங்கியது, அதனால் பெயர்ந்தது என்று ஒப்பந்ததாரர் சொல்லலாம். பாதி உண்மையாகவும் இருக்கும். நகராட்சியால் அதை உரக்க மறுக்க முடியாது. வெட்ட அனுமதி தந்தது அது. கட்டணம் வாங்கியது அது. மூடாமல் விட்டதும் அது. வீட்டுக்காரரோ ரசீதைக் காட்டுவார். ஆளுக்கொரு காகிதம் கையில் இருக்கிறது. எல்லாக் காகிதமும் விதிப்படி சரியாக இருக்கிறது. போனது ரோடு மட்டும்தான்.

இதற்குத் தீர்வு தெரியாததல்ல. தார் போடும் முன்பே காலி மனைகளுக்கும் சேர்த்துக் குழாயைச் சாலையோரம் வரை கொண்டுவந்துவிடலாம். வெட்ட அனுமதி தரும் தாளிலேயே மூடும் தேதியையும் அச்சிடலாம். குறுகலான தெருக்களில் பேவர் பிளாக் பதிப்பதற்கு ஒரு நல்ல காரணம் உண்டு: கல்லைக் கழற்றித் தோண்டிவிட்டு அதே கல்லைத் திரும்ப மாட்டலாம். அடியில் மண்ணை இடிக்காவிட்டால் அதுவும் தொட்டில் போலக் குழியும்.

மற்ற கேள்விகள், சுருக்கமாக

*ரோடு உயர்ந்து வீடு பள்ளத்தில் போகிறதே?* பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில்தான் போட வேண்டும் என்று அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு 2021-லேயே அறிவுறுத்தினார். பின்பற்றினார்களா என்பதை உங்கள் வாசற்படிகளை எண்ணித் தெரிந்துகொள்ளுங்கள்.

*நடைபாதை எவ்வளவு அகலம் வேண்டும்?* நடக்க மட்டும் குறைந்தது 1.8 மீட்டர், உயரம் 150 மில்லிமீட்டருக்கு மிகாமல் என்றது இந்தியச் சாலைப் பேரவையின் 2012 வழிகாட்டி.

*நடைபாதை கேட்பது உரிமையா, சலுகையா?* உரிமை, கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த வழக்கில், அது அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொல்லிவிட்டது.

*நடைபாதைக் கடைகளை அகற்றினால் போதாதா?* தெருவோர வியாபாரிகளுக்கான 2014 சட்டப்படி நகர விற்பனைக் குழு கூடி இடம் ஒதுக்க வேண்டும். குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும்.

*‘நம்ம சாலை’ செயலியில் புகார் செய்யலாமா?* நெடுஞ்சாலைத் துறையின் சாலை என்றால் செய்யலாம். உங்கள் தெரு அதில் வராது.

*நாங்களே பணம் போட்டால்?* நமக்கு நாமே திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு நீங்கள், மீதி அரசு.

*பிளாஸ்டிக் சாலை உறுதியாமே?* மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவனின் முறை நல்ல முறைதான். அடியில் மண் இறங்கினால் பிளாஸ்டிக் சாலையும் இறங்கும்.

நீங்கள் செய்யக்கூடியது

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். மூன்றே கேள்விகள் போதும். என் தெருவின் பொறுப்புக் காலம் எந்தத் தேதியில் முடிகிறது? சென்ற நிதியாண்டில் சாலை வெட்டுக் கட்டணமாக வசூலான தொகை எவ்வளவு? அதில் வெட்டுகளை மூடச் செலவானது எவ்வளவு? கடைசி இரண்டு எண்களையும் அருகருகே எழுதிப் பாருங்கள். ஊக்கத்தொகை போக வரியைக் கட்டி வாங்கும் ரசீதோடு அந்தத் தாளையும் சேர்த்து வையுங்கள். வார்டு உறுப்பினர் அடுத்த முறை வாக்குக் கேட்டு வரும்போது தேவைப்படும்.