இன்டர்வியூ மேக்கப்: போட்டதே தெரியக் கூடாது... ஆனா முகம் பளிச்சுனு இருக்கணும்!

ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை... வேலூரைப் பத்தி அடுக்குற இந்தப் பட்டியலை நீங்களும் கேட்டிருப்பீங்க. அதோட கடைசியில 'அழகில்லாத பொண்ணுங்க'ன்னு ஒண்ணைச் சேர்த்துட்டு, பெரிய ஜோக் சொன்ன மாதிரி சிரிப்பாங்க. ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு 1981-லயே சாமி வந்தாச்சு. பாலாத்துல 2021 நவம்பர்ல வெள்ளமே போச்சு. பட்டியலை மட்டும் யாரும் திருத்தின பாடில்லை.

நான் வேலூர்ப் பொண்ணு. காலேஜ் முடிச்சு முதல் இன்டர்வியூவுக்குக் கிளம்பினப்போ, அந்த ஜோக் என் மண்டைக்குள்ள எங்கேயோ உட்கார்ந்திருந்ததுன்னு இப்போ தோணுது. முந்தின நாள் சாயங்காலம் லாங் பஜார்ல ஒரு பேன்சி ஸ்டோருக்குள்ள நுழைஞ்சு, டியூப்லைட் வெளிச்சத்துல, என் நிறத்தைவிட ரெண்டு ஷேடு வெளுப்பா ஒரு ஃபவுண்டேஷன் வாங்கினேன். கடைக்கார அண்ணன் மேல தப்பில்லை. 'இன்னும் கொஞ்சம் லைட்டா இருக்கா?'ன்னு கேட்டு வாங்கினது நான்தான். மறுநாள் மே மாச வெயில்ல பஸ்ஸை விட்டு இறங்கினப்போ முகம் ஒரு கலர், கழுத்து ஒரு கலர். உள்ளே என்ன கேள்வி கேட்டாங்கன்னு இன்னிக்கு எனக்கு ஞாபகம் இல்லை. துப்பட்டாவால கழுத்தை மறைச்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் எத்தனையோ வீடுகள்ல அம்மா ஷூ கம்பெனியில தையல் மெஷின்ல இருப்பாங்க. பொண்ணு டிகிரி முடிச்சிட்டு அதே மாதிரி ஒரு கம்பெனியோட ஆபீஸ்ல மெர்ச்சண்டைசர் வேலைக்கோ, ஹெச்.ஆர். வேலைக்கோ இன்டர்வியூ போவா. அவளுக்கு மேக்கப் சொல்லிக்கொடுக்க வீட்ல ஆள் கிடையாது. ரீல்ஸ்ல இருக்கிறதெல்லாம் கல்யாண மேக்கப். அதனால, இது உங்களுக்குத்தான்.

முதல்ல ஒரு விஷயம். நம்ம ஊர்க்காரங்களுக்கு இந்த நேச்சுரல் மேக்கப் சமாசாரத்தைப் புதுசா விளக்கவே வேண்டாம். டேனரியில ஃபினிஷிங் வேலை பார்க்கிற யாரையாவது கேட்டுப் பாருங்க. தோலுக்கு ரெண்டு விதமா ஃபினிஷிங் கொடுக்கலாம். பிக்மென்ட் ஃபினிஷ்னா, மேலே கனமா ஒரு பூச்சு. தழும்பு, பூச்சிக்கடி எல்லாம் மறைஞ்சிடும், கூடவே தோலோட இயல்பான ரேகையும் மறைஞ்சிடும். அனிலின் ஃபினிஷ்னா, சாயம் உள்ளே இறங்கும், மேலே மெல்லிசா ஒரு பாதுகாப்பு, ரேகை அப்படியே தெரியும். நல்ல தோலுக்குத்தான் அனிலின் கொடுப்பாங்க, விலையும் அதுக்குத்தான் ஜாஸ்தி. இன்டர்வியூ மேக்கப்னா அனிலின்னு மனசுல வெச்சுக்கங்க.

இன்னொரு பாடமும் அங்கேயே இருக்கு. பையர் கேட்ட கலரும் நாம போட்ட கலரும் ஒண்ணுதானான்னு பார்க்க லைட் பாக்ஸ்ல வெச்சுப் பார்ப்பாங்க. கடை விளக்குல ஒரே மாதிரி தெரியுற ரெண்டு கலர், பகல் வெளிச்சத்துல வேற வேறயா தெரியலாம்ங்கிறதுதான் காரணம். என் ஃபவுண்டேஷனுக்கு நடந்ததும் அதேதான். ஷேடு பார்க்கணும்னா பகல்ல போங்க. கையில தடவிப் பார்க்காதீங்க, கை நிறம் வேற. தாடை ஓரத்துல, முகமும் கழுத்தும் சேர்ற இடத்துல ஒரு கோடு போட்டுட்டு கடைக்கு வெளியே வந்து மொபைல் கேமராவுல பாருங்க. உடனே முடிவெடுக்கவும் வேணாம். நேதாஜி மார்க்கெட் பக்கம் ஒரு ரவுண்டு போய் டீ குடிச்சிட்டு வாங்க. சில ஃபவுண்டேஷன் காத்து பட்டு, முகத்து எண்ணெயும் சேர்ந்து, கொஞ்ச நேரத்துல ஒரு ஷேடு கறுக்கும். இருபது நிமிஷம் கழிச்சும் அந்தக் கோடு கண்ணுக்குத் தெரியலைன்னா, அதுதான் உங்க ஷேடு.

உண்மையைச் சொன்னா, உங்கள்ல நிறைய பேருக்கு ஃபவுண்டேஷனே தேவைப்படாது. முகம் கழுவி, மாய்ஸ்ச்சரைசர், அதுமேல எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிரீன். அஞ்சு நிமிஷம் விடுங்க. ஜிங்க் ஆக்சைடு அதிகமா இருக்கிற சன்ஸ்கிரீன் மாநிறத்து மேல சாம்பல் பூசின மாதிரி நிக்கும், அதனால ஜெல் மாதிரி இருக்கிறதைப் பாருங்க. கண்ணுக்குக் கீழே கருமை, பரு போன தழும்பு... இந்த இடங்கள்ல மட்டும் கன்சீலரைப் புள்ளி புள்ளியா வெச்சு, மோதிர விரலால தட்டித் தட்டிப் பரப்புங்க. தேய்க்கக் கூடாது, தேய்ச்சா வந்துடும். நெத்தி, மூக்கு, தாடையில மட்டும் காம்பேக்ட். வெறும் டால்கம் பவுடரை அப்புற பழக்கம் நமக்கெல்லாம் ஸ்கூல்ல இருந்தே இருக்கு, எனக்கும்தான். வேர்வை பட்டா அது திட்டுத் திட்டா நிக்கும், அன்னிக்கு ஒரு நாள் லீவு விடுங்க.

அப்புறம் புருவம். முகத்தைத் திருத்தமா காட்டுறதுல பாதி வேலை புருவத்தோடது. ஆனா த்ரெடிங்கை இன்டர்வியூ அன்னிக்குப் பண்ணாதீங்க, சிவந்து வீங்கி நிக்கும். ரெண்டு மூணு நாள் முன்னாடியே முடிச்சிடுங்க. உதட்டுக்கு, உங்க உதட்டு நிறத்தைவிட ஒரு படி மட்டும் அடர்த்தியா, செங்கல் நிறமோ பழுப்பு கலந்த ரோஸோ எடுங்க. வெளிர் ரோஸ் நம்மள்ல பலருக்கும் காய்ச்சல்ல படுத்த மாதிரி காட்டும். அதே லிப்ஸ்டிக்கை விரல்ல துளி எடுத்துக் கன்னத்துல தட்டினா ப்ளஷ் ரெடி. தனியா ஒண்ணு வாங்காதீங்க, காசு மிச்சம்.

கண் மையைக் கீழ் இமையில போட்டா வேர்வைக்கு வழியும். மேல் இமை ஓரத்துல மட்டும் மெல்லிசா போட்டுப் பாருங்க. இங்கே ஒரு எச்சரிக்கை. பாரம்பரியமா கண்ணுக்கு இடுற சுருமாவோட மூலப்பொருள் பல சமயம் கலீனாங்கிற கல்லு. அது ஈய சல்ஃபைடு. வீட்டுப் பெரியவங்க ஆசையா கொடுத்ததுன்னாலும், என்ன கலந்திருக்குன்னு தெரியாத சுருமா வேண்டாம். ஸ்கார்ஃப் கட்டுற தோழிகளுக்கு ஒரு சின்ன விஷயம்: ஸ்கார்ஃபைக் கட்டிட்டு அப்புறம் மேக்கப் போடாதீங்க. முதல்ல போட்டு, ஓரங்களை டிஷ்யூவால ஒத்தி எடுத்துட்டுக் கட்டினா துணியில கறை நிக்காது.

இப்போ நான் இந்தக் கட்டுரையை எழுதறதுக்கான உண்மையான காரணத்துக்கு வர்றேன். இன்டர்வியூ தேதி வந்ததும் நம்ம பொண்ணுங்க முதல்ல தேடுறது லிப்ஸ்டிக்கை இல்லை, 'பத்து நாள்ல கலர் குடுக்குற' கிரீமை. 1975-ல வந்த ஃபேர் அண்ட் லவ்லி, 2020-ல தன் பேர்ல இருந்து 'ஃபேர்'ங்கிற வார்த்தையையே எடுத்துடுச்சு. நம்ம மனசுல இருந்து அது போகலை. பேர் தெரியாத டப்பா, லேபிள் புரியாத வெளிநாட்டு கிரீம்னு ஆன்லைன்லயும் கடைத்தெருவுலயும் கிடைக்கிற சிலதுல பாதரசம் கலந்திருக்கும். பாதரசம் மெலனின் உருவாகிறதைத் தடுக்கும், அதனால வேகமா வெளுக்கும். அதே பாதரசம் தோல் வழியா உடம்புக்குள்ள போய் சிறுநீரகத்தைத் தாக்கும். கேரளாவுல மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்ல, சிறுநீர்ல புரதம் போற ஒருவகை சிறுநீரக நோயோட 2021 ஜூலைல இருந்து 2023 செப்டம்பர் வரைக்கும் வந்த 22 பேரை டாக்டர்கள் ஆராய்ஞ்சாங்க. அதுல 15 பேருக்கு அபூர்வமான ஒரே வகை பாதிப்பு. அந்த 15 பேர்ல 13 பேர் சிவப்பழகு கிரீம் போட்டவங்க.

இந்தியாவோட 2020 காஸ்மெட்டிக்ஸ் விதிப்படி, பாதரசத்தைத் தெரிஞ்சு சேர்க்கவே கூடாது. தவிர்க்க முடியாம கலந்திருந்தாலும் கிரீம்ல பத்து லட்சத்துல ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அதை நாம கடையில நின்னு டெஸ்ட் பண்ண முடியாது. ஆனா டப்பாவைத் திருப்பிப் பார்க்க முடியும். தயாரிச்சவங்க பேர், முகவரி, லைசென்ஸ் எண், பேட்ச் எண், எப்போ வரைக்கும் பயன்படுத்தலாம்ங்கிற தேதி, என்னென்ன சேர்த்திருக்குங்கிற பட்டியல் இருக்கணும். வெளிநாட்டுப் பொருள்னா இறக்குமதி பண்ணினவங்க பேரும் பதிவு எண்ணும் இருக்கணும். இல்லைன்னா, எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் அங்கேயே வெச்சிட்டு வந்துடுங்க. பார்லர்ல 'ஃபார்முலா கிரீம்'னு சின்ன டப்பாவுல போட்டுக் கொடுத்தாலும் இதே பதில்தான். ஸ்டீராய்டு கலந்திருந்தா முதல் ரெண்டு வாரம் மின்னும், அப்புறம் தோல் மெலிஞ்சு, வெயில்ல போனாலே எரியும்.

நல்ல லேபிள் இருக்கிறதையும் முதல் தடவை இன்டர்வியூ அன்னிக்குப் போடாதீங்க. முழங்கை மடிப்புல துளி தடவி ஒரு நாள், முடிஞ்சா ரெண்டு நாள் விட்டுப் பாருங்க. அரிச்சா விட்டுடுங்க. ஒரு ஒத்திகை நாளும் வெச்சுக்கங்க. முழு மேக்கப்போட வெயில்ல கடைக்குப் போயிட்டு வந்து, ஜன்னல் பக்கம் நின்னு ஒரு போட்டோ எடுத்துப் பாருங்க.

இன்டர்வியூ அன்னிக்குப் பெரிய வில்லன் நம்ம 'வெயிலூர்' வெயில்தான். ஆம்பூர்ல இருந்து வேலூருக்கே ஐம்பது கிலோமீட்டர். பஸ்ல ஜன்னல் சீட் கிடைச்சாலும் அனல் காத்துதான். அதனால வீட்ல சன்ஸ்கிரீனும் புருவமும் மட்டும் முடிச்சிட்டுக் கிளம்புங்க. அரை மணி நேரம் முன்னாடி போய், அங்கே வாஷ் ரூம்ல முகத்து வேர்வையை டிஷ்யூவால ஒத்தி எடுத்துட்டு, கன்சீலர், காம்பேக்ட், உதடு. அஞ்சு நிமிஷ வேலை. பையில வேற எதுவும் தேவையில்லை, எக்ஸ்ட்ரா ரெண்டு டிஷ்யூ போதும்.

இதைப் படிக்கிற பசங்களே, சன்ஸ்கிரீனும் லிப் பாமும் உங்களுக்கும்தான். வெடிச்ச உதட்டோட போய் உட்காராதீங்க.

முடிச்சு வீட்டுக்கு வந்ததும், எவ்வளவு அலுப்பா இருந்தாலும் அப்படியே படுத்துடாதீங்க. ரெண்டு சொட்டு தேங்காய் எண்ணெயை முகத்துல தடவித் துடைச்சிட்டு ஃபேஸ் வாஷ் போட்டுக் கழுவுங்க. பரு வர்ற முகம்னா எண்ணெயை விட்டுட்டு மைசெல்லர் வாட்டர் வாங்கிக்கங்க. ரிசல்ட் மெயில் எப்படியும் அன்னிக்கு ராத்திரி வராது.