மலையேறும்போது விசில் எதற்கு?

மலையில் வழி தவறியவருக்கு முதலில் கைகொடுப்பது ஒரு சின்ன விசில். ஏன்? தொண்டை கிழியக் கூவினால் சீக்கிரமே குரல் கட்டிவிடும். விசிலுக்கு ஒரு மூச்சு போதும். நம் காது மிகக் கூர்மையாகக் கேட்பது ஏறத்தாழ 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை. விசிலின் கீச்சொலி அதற்குள் அடங்குவதால், ஓடை இரைச்சலுக்கு நடுவிலும் தனித்துக் கேட்கும்.

எப்படி ஊதுவது? மூன்று முறை ஊதுங்கள். சற்று நிறுத்தி, பதில் வருகிறதா என்று காது கொடுங்கள். பிறகு மீண்டும் ஊதுங்கள்.

உள்ளே உருண்டை இல்லாத விசிலே நல்லது, நனைந்தாலும் அடைக்காது.

விசிலோடு அவசரத்துக்குக் கொண்டுபோக வேண்டிய மடித்த அலுமினியப் பூச்சுப் போர்வை, குட்டி டார்ச், பிளாஸ்திரி ஆகியவை ஒரு சோப்பு டப்பாவில் அடங்கும். உடல் கதிர்வீச்சாக இழக்கும் வெப்பத்தின் பெரும்பகுதியை அந்தப் போர்வை உடலுக்கே திருப்பும். டப்பாவைப் பையில் வைத்து, விசிலை மட்டும் சட்டையில் மாட்டுங்கள். பை பள்ளத்தில் உருண்டாலும் விசில் உங்களோடு இருக்கும்.